போட்டித் தேர்வு உயிரியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வு, ரயில்வே என எதற்குப் படித்தாலும் உயிரியலில் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அடிக்கடி வந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். இதில் மதிப்பெண் அதிகம் போவது படித்த பாடத்தில்தான். "சுரப்பது எது" என்று கேட்டால் ஒரு விடை, "சேமிப்பது எது" என்று கேட்டால் வேறு விடை. அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

1. நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். உயிரியல் சுத்தமா டச் விட்டுப்போச்சு. எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?

குரூப் 4 பொது அறிவுத் தாள் பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் புத்தகங்கள் போதும். பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குங்கள். பத்தில் சுற்றோட்டம், நரம்பு மண்டலம், ஹார்மோன்கள், மரபியல், நோய்கள். ஒன்பதில் விலங்குலகம், உணவூட்டம், நுண்ணுயிரிகள். இவை முடிந்தாலே பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து ஏறுகிறவர்களில் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டுவதில்லை.

பாடத்தைவிடப் பெட்டிச் செய்திகளும், அட்டவணைகளும், படத்துக்குக் கீழே உள்ள குறிப்புகளும் கேள்வியாக மாற ஏற்றவை. முதல் வாசிப்பிலேயே அவற்றைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

2. செல்லைக் கண்டுபிடிச்சது ராபர்ட் ஹூக்கா, லீவன்ஹூக்கா, ராபர்ட் பிரௌனா?

மூவரும் பார்த்தது வேறு வேறு. ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தார். அவர் கண்டது உயிரற்ற செல்களின் சுவர்களை மட்டுமே; "செல்" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். உயிருள்ள செல்லை முதலில் பார்த்தவர் லீவன்ஹூக். உட்கருவைக் கண்டறிந்து பெயரிட்டவர் ராபர்ட் பிரௌன், 1831. ஆகவே கேள்வியில் "உயிருள்ள" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செல் கொள்கை தனி. ஷ்லெய்டன் தாவரங்களுக்கு 1838-இலும், ஷ்வான் விலங்குகளுக்கு 1839-இலும் சொன்னார்கள். "ஏற்கெனவே உள்ள செல்லிலிருந்தே புதிய செல் தோன்றும்" என்று 1855-இல் சேர்த்தவர் விர்ச்சோ.

3. ரைபோசோம் 50 எஸ்சும் 30 எஸ்சும் சேர்ந்தா 80 எஸ்தானே வரணும்? புத்தகத்துல 70 எஸ்னு அச்சுப் பிழையா?

பிழை இல்லை. "எஸ்" என்பது ஸ்வெட்பெர்க் அலகு. மையவிலக்கியில் சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்பதன் அளவு அது. எடை இல்லை என்பதால் கூட்டினால் சரியாக வராது. பாக்டீரியாவில் 50, 30 சேர்ந்து 70; யூகேரியோட் (சவ்வு சூழ்ந்த உட்கரு உள்ள) செல்லில் 60, 40 சேர்ந்து 80.

மற்ற நுண்ணுறுப்புகளை வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆற்றல் மையம் மைட்டோகாண்ட்ரியா, புரதத் தொழிற்சாலை ரைபோசோம், தற்கொலைப் பை லைசோசோம்.

4. உடலின் மிகப்பெரிய உறுப்பு தோல்னு ஒரு இடத்துல இருக்கு, கல்லீரல்னு ஒரு இடத்துல இருக்கு. தைராய்டுன்னும் படிச்ச ஞாபகம்.

மூன்றும் சரி, மூன்றும் வெவ்வேறு கேள்விக்கு. மிகப்பெரிய உறுப்பு தோல். மிகப்பெரிய உள்ளுறுப்பும் மிகப்பெரிய சுரப்பியும் கல்லீரல். மிகப்பெரிய நாளமில்லாச் சுரப்பி தைராய்டு. கணையம் தைராய்டைவிடப் பெரியதாயிற்றே என்று கேட்கலாம். கணையம் நாளமுள்ள வேலையையும் நாளமில்லா வேலையையும் சேர்த்துச் செய்யும் கலப்புச் சுரப்பி. அதனால் இந்தக் கணக்கில் வராது. தலைமைச் சுரப்பி என்று கேட்டால் மட்டும் பிட்யூட்டரி.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், சேமிப்பது பித்தப்பை. இன்சுலினைச் சுரப்பவை கணையத்தில் லாங்கர்ஹான் திட்டுகளிலுள்ள பீட்டா செல்கள். குளுக்ககானைச் சுரப்பவை ஆல்ஃபா செல்கள். இன்சுலின் குறைந்தால் டயாபடீஸ் மெலிட்டஸ். டயாபடீஸ் இன்சிபிடஸுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே கிடையாது. அது பிட்யூட்டரியின் பின்கதுப்பு வெளியிடும் வாசோபிரசின் குறைவதால் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் நிலை.

5. எலும்பு 206-ன்னு தெரியும். ஆனா மண்டையோட்டுல 22-ஆ 29-ஆ, முதுகெலும்புல 33-ஆ 26-ஆ?

எதைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. மண்டைப் பெட்டியில் 8, முகத்தில் 14, ஆக 22. இதனுடன் இரண்டு காதிலும் உள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என 6 சிற்றெலும்புகளையும், தொண்டையில் உள்ள ஹையாய்டு ஒன்றையும் சேர்த்தால் 29. முள்ளெலும்புகள் பிறக்கும்போது 33. வளர வளர இடுப்புக்குக் கீழே உள்ள ஐந்தும் ஒன்றாக இணைகின்றன, வால் பகுதியில் நான்கும் ஒன்றாகின்றன. பெரியவர்களுக்கு 26 ஆவது இப்படித்தான். குழந்தைக்கு ஏறக்குறைய 300 எலும்புகள் இருந்து 206 ஆகக் குறைவதும் இதே இணைப்பால்தான்.

ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள், பிறகு மறக்காது. மண்டையோடு 22, காது 6, ஹையாய்டு 1, முள்ளெலும்பு 26, விலா 24, மார்பெலும்பு 1: மொத்தம் 80. இது அச்சுச் சட்டகம். கைகள் 60, கால்கள் 60, தோள் வளையம் 4, இடுப்பு வளையம் 2: மொத்தம் 126. இது இணையுறுப்புச் சட்டகம். மிக நீளமானது தொடை எலும்பு, மிகச் சிறியது அங்கவடி. உடலிலேயே கடினமான பொருள் எது என்றால் எலும்பைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், பல்லின் எனாமல்.

6. வைட்டமின் குறைபாடுகள் எத்தனை தடவை படிச்சாலும் நிக்க மாட்டேங்குது.

முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரைபவை. பி தொகுதியும் சி-யும் நீரில் கரைபவை. பிறகு ஒவ்வொன்றையும் அது செய்யும் வேலையோடு பிடியுங்கள். ஏ பார்வைக்கு: மாலைக்கண், சீராப்தால்மியா. டி கால்சியத்தை எலும்பில் சேர்ப்பதற்கு: குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்கு ஆஸ்டியோமலேசியா. கே இரத்தம் உறைவதற்கு. ஈ குறைந்தால் மலட்டுத்தன்மை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சி குறைந்தால் ஈறில் இரத்தம் கசியும் ஸ்கர்வி. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எல்லாம் சி-க்கான மூலங்கள். சூடாக்கினால் அழிவதும் இதுதான்.

பி தொகுதியில் நான்கு போதும். பி1 தயமின், பெரிபெரி. பி2 ரைபோஃபிளேவின், வாய் ஓரப் புண். பி3 நியாசின், பெல்லக்ரா. பி12 கோபாலமின், பெர்னீஷியஸ் இரத்தசோகை. கோபால்ட் உள்ள வைட்டமின் எது என்ற கேள்வியும் இதற்கே. பெரிபெரியை ஒருபோதும் மறக்காமலிருக்க அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். தயமின் இருப்பது தவிட்டில். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு அதுவும் போய்விடும். நெல்லை அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கல் அரிசியில் அது கூடுதலாகத் தங்குகிறது.

சூரிய ஒளியில் வைட்டமின் டி இருப்பதாக எழுதுகிறார்கள். ஒளியில் ஏதும் இல்லை. புற ஊதாக் கதிர் பட்டதும் தோலில் உள்ள ஒரு கொலஸ்ட்ரால் வகைப் பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது.

7. குவாஷியோர்கர், மராஸ்மஸ் ரெண்டும் புரதக் குறைபாடுதானே?

குவாஷியோர்கர் முக்கியமாகப் புரதக் குறைவு. வயிறு உப்பி, முகமும் காலும் வீங்கும். 1 முதல் 5 வயதுக் குழந்தைகள். மராஸ்மஸில் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றும் குறைவு. வீக்கம் இருக்காது, எலும்பும் தோலுமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள். கேள்வியில் "வீக்கம்" இருந்தால் முதலாவது.

8. தமனியில நல்ல இரத்தம், சிரையில கெட்ட இரத்தம். இது சரிதானே?

இந்தச் சூத்திரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. இதயத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. வரையறை அவ்வளவுதான், ஆக்சிஜனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்கு எடுத்துச் செல்கிறது. நுரையீரல் சிரை ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை இடது ஆரிக்கிளுக்குக் கொண்டுவருகிறது. இவை இரண்டும்தான் கேள்வியாக வரும்.

"லப்" ஒலி ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடுவதால். "டப்" அரைச்சந்திர வால்வுகள் மூடுவதால். வால்வு திறப்பதால் ஒலி வருகிறது என்று ஒரு தெரிவு இருக்கும், அது தவறு. இதய அறைகளில் மீன் 2, தவளை 3, பறவையும் பாலூட்டியும் 4. ஊர்வன பொதுவாக 3, முதலைக்கு மட்டும் 4.

9. ஓ பிரிவுல ஆன்டிஜென் இல்லை, ஆனா ஆன்டிபாடி ரெண்டும் இருக்கு. அப்புறம் எப்படி எல்லாருக்கும் கொடுக்க முடியுது?

நல்ல கேள்வி, புத்தகம் இதை விளக்காமல் விட்டுவிடுகிறது. இரத்தம் ஏற்றும்போது ஆபத்து வருவது, கொடுப்பவரின் சிவப்பணுமீதுள்ள ஆன்டிஜெனைப் பெறுபவரின் பிளாஸ்மாவில் உள்ள ஆன்டிபாடி தாக்கும்போதுதான். ஓ பிரிவுச் சிவப்பணுவில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. தாக்க எதுவும் கிடையாது. கொடுப்பவரின் பிளாஸ்மாவோடு போகும் ஆன்டிபாடி கொஞ்சம்தான், பெறுபவரின் இரத்தத்தில் கலந்து நீர்த்துவிடும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்மாவைப் பிரித்துச் சிவப்பணுவை மட்டும் ஏற்றுவதால் அந்தச் சிக்கலும் குறைவு. ஏபி பிரிவில் ஆன்டிஜென் இரண்டும் உண்டு, ஆன்டிபாடி இல்லை. அதனால் அது அனைவரிடமும் பெறும். துல்லியமாகக் கேட்டால் கொடுப்பது ஓ நெகட்டிவ், பெறுவது ஏபி பாசிட்டிவ்.

ஏ, பி, ஓ பிரிவுகளைக் கண்டறிந்தவர் கார்ல் லேண்ட்ஸ்டீனர். நோபல் பரிசு 1930. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்க உதவும் ஆர்எச் காரணியை லேண்ட்ஸ்டீனரும் வீனரும் 1940-இல் அறிவித்தார்கள். தாய் ஆர்எச் நெகட்டிவ், கரு பாசிட்டிவ் என்றால் முதல் குழந்தை பொதுவாகத் தப்பிவிடும். பிரசவத்தின்போது கலக்கும் இரத்தத்தால் தாயின் உடலில் ஆன்டிபாடி உருவாகி இரண்டாவது குழந்தையைத்தான் பாதிக்கும். அதைத் தடுக்கவே பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுகிறார்கள்.

"பம்பாய் இரத்த வகை" 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்டது. ஓ பிரிவுச் சிவப்பணுவிலும் இருக்கும் எச் ஆன்டிஜெனே அதில் இல்லை என்பதால், ஓ பிரிவு இரத்தத்தைக்கூட அவர்களால் ஏற்க முடியாது.

10. பாலூட்டிகளின் சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, ஒட்டகத்துக்கு மட்டும் உண்டுன்னு கைடுல போட்டிருக்கே?

கைடு தவறு. ஒட்டகத்தின் முதிர்ந்த சிவப்பணுவிலும் உட்கரு கிடையாது. அதன் வடிவம் மட்டும் வேறு: மற்ற பாலூட்டிகளில் வட்டம், ஒட்டகத்தில் நீள்வட்டம். சிவப்பணு உருவாவது எலும்பு மஜ்ஜையில், வாழ்நாள் 120 நாள், அழிவது பெரும்பாலும் மண்ணீரலில்.

11. எது பாக்டீரியா, எது வைரஸ்னு பிரிக்கவே முடியலை.

அம்மை என்று முடிவதெல்லாம் வைரஸ்: பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை. பொன்னுக்கு வீங்கி, இளம்பிள்ளை வாதம், வெறிநாய்க்கடி நோய், டெங்கு, எய்ட்ஸ், இன்ஃபுளூயென்சா ஆகியவையும் வைரஸே. காசநோய், தொழுநோய், காலரா, டைபாய்டு, ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான், பிளேக் எல்லாம் பாக்டீரியா. மலேரியாவும் அமீபியச் சீதபேதியும் புரோட்டோசோவா. படர்தாமரை பூஞ்சை. யானைக்கால் நோய் புழுவால் வருவது. கொசு அதைச் சுமந்துவரும் கடத்தி மட்டுமே. "நோய்க்கிருமி எது" என்பதும் "கடத்தி எது" என்பதும் இரு வேறு கேள்விகள். பிளேக்கில் கிருமி பாக்டீரியா, கடத்தி எலித் தெள்ளுப்பூச்சி.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். முதற்கட்டச் சோதனை எலைசா, உறுதிப்படுத்தும் சோதனை வெஸ்டர்ன் பிளாட்.

12. கொசுக்கள்ல எது எந்த நோய்? அனாஃபிலிஸ், கியூலெக்ஸ், ஏடிஸ் மூணும் மாறி மாறி வருது.

பெண் அனாஃபிலிஸ் மலேரியா. கியூலெக்ஸ் யானைக்கால் நோய், ஜப்பானிய மூளைக்காய்ச்சல். ஏடிஸ் டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல். கொசுவைப் பார்த்தே பிரிக்கவும் முடியும். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்தால் அனாஃபிலிஸ்; சுவரோடு இணையாக உட்கார்ந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கருப்புக் காலில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் ஏடிஸ். அது பகலில் கடிக்கும், தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டையில் தேங்கும் நல்ல நீரில் முட்டையிடும். கியூலெக்ஸுக்குச் சாக்கடை போதும். லார்வாவிலும் வித்தியாசம் உண்டு: அனாஃபிலிஸ் லார்வா நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும், மற்றவை மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும்.

மலேரியா ஒட்டுண்ணியை மனித இரத்தத்தில் 1880-இல் கண்டவர் லாவரான். அது கொசுவின் உடலில் வளர்வதை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்ட் ராஸ், நோபல் 1902. வகைகளில் உயிருக்கு மிக ஆபத்தானது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம்.

13. தடுப்பூசி ஆண்டுகள்ல எதை மட்டும் படிச்சா போதும்?

ஜென்னர், பெரியம்மை, 1796. பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில். போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014 மார்ச்சில். இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரே கேள்வியின் தெரிவுகளில் வைத்துவிடுவார்கள். போலியோவுக்கு ஊசி சால்க், சொட்டு மருந்து சேபின். பிசிஜி காசநோய்க்கு. பென்டாவேலன்ட் தடுக்கும் ஐந்து: தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் (நிமோனியா, மூளையுறை அழற்சி உண்டாக்கும் ஒரு பாக்டீரியா).

பென்சிலின் தடுப்பூசி இல்லை, ஆன்டிபயாட்டிக். 1928, ஃபிளெமிங், பூஞ்சையிலிருந்து. 11-ஆம் கேள்வியில் உள்ள வைரஸ் நோய் எதற்கும் அது வேலை செய்யாது.

14. பேர்ல மீன் இருந்தா மீன்தானா?

ஜெல்லிமீன் குழியுடலி, நட்சத்திரமீன் முட்தோலி, வெள்ளிமீன் வீட்டுப் புத்தகங்களை அரிக்கும் பூச்சி. பெயரில் மீன் இல்லாத கடற்குதிரை உண்மையான மீன். கணவாய் மெல்லுடலி. திமிங்கலம், டால்பின், கடற்பசு, வௌவால் பாலூட்டிகள். முட்டையிடும் பாலூட்டிகள் பிளாட்டிபஸும் எகிட்னாவும். கடற்பசுவுக்கான இந்தியாவின் முதல் பாதுகாப்பகம் பாக் விரிகுடாவில் 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. நடப்பு நிகழ்வுக் கேள்வியாகவும் இதைக் கேட்கலாம்.

15. மண்ணுக்குள்ள விளையறதெல்லாம் வேர்தானே?

உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே "கண்" இருக்கும், அதிலிருந்து முளை வரும். அது மொட்டு; மொட்டுள்ள கணு தண்டுக்குரிய அடையாளம். அதனால் உருளைக்கிழங்கு தண்டு. இஞ்சி, மஞ்சள், சேனை, சேப்பங்கிழங்கும் தண்டே. சர்க்கரைவள்ளி, மரவள்ளி, கேரட், முள்ளங்கி வேர். வெங்காயத்தில் நாம் சாப்பிடுவது சதைப்பற்றான இலை. அடியில் உள்ள சிறு தட்டுதான் தண்டு. தேங்காயில் உண்பது கருவூண் திசு, இளநீரும் அதேதான், திரவ வடிவில்.

16. ஒளிச்சேர்க்கையில ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருதுன்னு எழுதினேன். தப்புன்னாங்க.

தப்புதான். நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போது வெளிவருவதே அந்த ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடு குளுக்கோஸில் போய்ச் சேர்கிறது. தாவரம் பகலில் சுவாசிப்பதில்லை என்பதும் தவறான தெரிவு. இரவு பகல் இரண்டிலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை மேலோங்குவதால் வெளியே தெரிவதில்லை.

17. அப்பாவுக்கு நிறக்குருடு, அம்மாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, கடத்துபவரும் இல்லை. மகன்களில் எத்தனை பேருக்கு வரும்?

ஒருவருக்கும் வராது. நிறக்குருடுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அப்பா தருவது ஒய் மட்டும். அவனுடைய எக்ஸ் அம்மாவிடமிருந்து வருகிறது. மகள்கள் அனைவரும் அப்பாவின் எக்ஸைப் பெறுவதால் கடத்துபவர்கள் ஆவார்கள், பாதிப்பு தெரியாது. அதுவே அம்மா கடத்துபவர், அப்பா இயல்பானவர் என்றால் மகன்களுக்கு 50 சதவீத வாய்ப்பு. ஹீமோஃபிலியாவுக்கும் இதே கணக்கு. அரிவாள் செல் சோகை இப்படிப் பால் குரோமோசோமைச் சார்ந்தது இல்லை, அதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

18. கூற்று, காரணம் கேள்வியில ரெண்டும் சரி மாதிரியே தோணுது. எப்படிப் போடறது?

முதலில் காரணத்தை மறைத்துவிட்டுக் கூற்றை மட்டும் சரியா தவறா என்று குறியுங்கள். பிறகு கூற்றை மறைத்துவிட்டுக் காரணத்தை. இரண்டும் சரி என்றால் மட்டும் நடுவில் "ஏனென்றால்" போட்டுப் படியுங்கள்.

கூற்று: கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. காரணம்: பித்தநீரில் கொழுப்பைச் செரிக்கும் நொதி உள்ளது. கூற்று சரி என்பதை 4-ஆம் கேள்வியில் பார்த்தோம். காரணம் தவறு, பித்தநீரில் செரிமான நொதியே கிடையாது. அது கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கும், செரிப்பது லிப்பேஸ். இன்னொன்று. கூற்று: முதிர்ந்த சிவப்பணு பகுப்படைவதில்லை. காரணம்: சிவப்பணுவில் ஹீமோகுளோபின் உள்ளது. இரண்டும் சரி, ஆனால் "ஏனென்றால்" பொருந்தவில்லை. பகுப்படையாததற்குக் காரணம் உட்கரு இல்லாதது.

19. வெள்ளையணு எண்ணிக்கை, தட்டணு வாழ்நாள் எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே? தெரியாத கேள்வியை ஊகிச்சுப் போடலாமா?

உடலியல் அளவுகள் எல்லாமே வரம்புகள்தான், அதனால் மாறும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் பள்ளிப் பாடப்புத்தக எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். தெரிவுகளில் அந்த எண் இல்லாவிட்டால் அதற்கு மிக நெருங்கிய வரம்பைப் பாருங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்தபின் ஆட்சேபிக்க நேர்ந்தாலும் பாடப்புத்தகப் பக்கம்தான் வலுவான சான்று. கைடைக் காட்டினால் எடுபடாது.

ஊகிப்பது தேர்வைப் பொறுத்தது. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இரண்டு தெரிவுகளை நீக்க முடிந்தால் தயங்காமல் போடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது வட்டத்தையாவது நிரப்புங்கள், காலியாக விடக்கூடாது. ரயில்வே தேர்வில் ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு பங்கு கழியும். அங்கே ஒரு தெரிவைக்கூட நீக்க முடியாத கேள்வியைத் தொடாமல் விடுவதே கணக்குக்குச் சரி.